டெரிபாரடைடு ஊசி: எலும்பு நொறுங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே 2 வருட சிகிச்சை

"அம்மாவுக்கு எலும்புக்கு ஊசி போடுறோம்" என்று கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒருவர் சொன்னால், அது நான்கில் எதுவாகவும் இருக்கலாம். இடுப்பில் போடும் வைட்டமின் டி ஊசியாக இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், 6 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் போடும் டெனோசுமாப், இவையும் எலும்பு ஊசிதான். நான்காவது டெரிபாரடைடு. இன்சுலின் பேனா போன்ற ஒரு பேனாவில், தினம் ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்வது. இங்கே எழுதியிருப்பது இந்த நான்காவதைப் பற்றி மட்டும். சீட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள். மற்ற மூன்றுக்கும் விதிகள் வேறு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு இது மருந்தல்ல. எலும்பின் அடர்த்தி குறைந்து, லேசாக விழுந்தாலே, சில சமயம் குடத்தைத் தூக்கினாலே முறியும் நிலைக்கான மருந்து இது.

மருந்து எப்படி வேலை செய்கிறது

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நான்கு சிறு சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் ஹார்மோன் 84 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் முதல் 34 அமிலங்களை மட்டும் ஆய்வகத்தில் தயாரித்ததுதான் டெரிபாரடைடு. அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்றது. இப்போது இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன.

இந்த ஹார்மோன் ரத்தத்தில் நாள் முழுவதும் அதிகமாகவே இருந்தால் எலும்பு கரையும். பாராதைராய்டு சுரப்பியில் கட்டி வந்தவர்களுக்கு நடப்பது அதுதான். அதே ஹார்மோன் நாளுக்கு ஒருமுறை சட்டென ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால், எலும்பு கட்டும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. ஊசி போட்ட அரை மணியில் மருந்து உச்சத்துக்குப் போகிறது. அதன் பிறகு வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றுதான், விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கூடுதலாகப் போட்டால் எலும்பு கூடுதலாக வளராது. ரத்தத்தில் கால்சியம்தான் ஏறும்.

மற்ற எலும்பு மருந்துகளில் பெரும்பாலானவை எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. இது புது எலும்பைக் கட்டுகிறது. 2001-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த, மாதவிடாய் நின்ற 1,637 பெண்களைக் கவனித்தார்கள். தினம் 20 மைக்ரோகிராம் போட்டவர்களுக்குப் புதிய முதுகெலும்பு முறிவு 65 சதவீதம் குறைந்தது; மற்ற எலும்பு முறிவுகள் 53 சதவீதம் குறைந்தன. 2018-இல் ரிசெட்ரோனேட் என்ற எலும்பு மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, 2 வருடத்தில் புதிய முதுகெலும்பு முறிவு மாத்திரைக்காரர்களில் 12 சதவீதம் பேருக்கும், டெரிபாரடைடு போட்டவர்களில் 5.4 சதவீதம் பேருக்கும் வந்தது.

யாருக்கு இந்த ஊசி

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறையும் நோய். அதோடு லேசான அடியிலேயே ஒரு எலும்பு முறிந்திருந்தால் அது கடுமையான நிலை. முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவு உள்ளவர்கள், டி-ஸ்கோர் மைனஸ் 3-க்கும் கீழே போனவர்கள், அலெண்ட்ரோனேட் போன்ற எலும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் எலும்பு முறிந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், இவர்களுக்குத்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் இதை எழுதுவார்கள். மூட்டுவலிக்குப் பெயர் தெரியாத பொட்டல மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பழக்கம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு.

முகாம்களில் குதிகாலை ஒரு கருவியில் வைத்து "எலும்பு அடர்த்தி" பார்த்து ஒரு சீட்டு தருவார்கள். அந்த அல்ட்ராசவுண்ட் எண்ணை வைத்து இந்த ஊசியைத் தொடங்கக் கூடாது. இடுப்பும் முதுகும் எடுக்கும் டெக்சா வேண்டும். சிற்றூர்களில் அது கிடைப்பது அரிது. தஞ்சாவூர், திருச்சி போன்ற ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கும். எந்தக் கருவியில் எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில் எடுத்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.

தொடங்குவதற்கு முன்: இங்கே அவசரப்படாதீர்கள்

முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது என்பதாலேயே அது ஆஸ்டியோபோரோசிஸ் என்று ஆகிவிடாது. முதுகெலும்பில் காசநோய் இருந்தாலும் நசுங்கும். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயிலும், வேறு இடத்துப் புற்று எலும்புக்குப் பரவினாலும் நசுங்கும். புற்று இருக்கும் எலும்பில் எலும்பு வளர்க்கும் மருந்தைப் போடக்கூடாது. அதனால் எடை குறைந்திருந்தால், ராத்திரியில் வலி கூடினால், ரத்தசோகை இருந்தால், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண் அதிகமாக இருந்தால், அந்தக் காரணம் தெரிந்த பிறகே ஊசியைத் தொடங்க வேண்டும்.

வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள் இவை: கால்சியம், அல்புமின், பாஸ்பரஸ், கிரியேட்டினின், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, யூரிக் ஆசிட். மைலோமா சந்தேகம் இருந்தால் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம்.

கால்சியம் எண்ணைப் படிக்கும்போது அல்புமினையும் சேர்த்துப் பாருங்கள். நோயாளி மெலிந்து அல்புமின் குறைந்திருந்தால், ரிப்போர்ட்டில் வரும் கால்சியமும் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். 4-லிருந்து அல்புமினைக் கழித்து, 0.8 ஆல் பெருக்கி, ரிப்போர்ட் எண்ணோடு கூட்ட வேண்டும். கால்சியம் 10, அல்புமின் 3 என்றால், சரிசெய்த கால்சியம் 10.8. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று இருக்கும். உண்மையில் அது அதிகம்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் காரணம் தெரியாமல் உயர்ந்திருந்தால் எலும்பு ஒழுங்கில்லாமல் வளரும் பேஜெட் நோய் இருக்கலாம், எலும்பில் புற்று பரவியிருக்கலாம், அல்லது வைட்டமின் டி இல்லாமல் எலும்பு மென்மையாகிப் போயிருக்கலாம். நம் ஊரில் மூன்றாவது சாதாரணமாக வருவது. அப்படியிருந்தால் முதலில் வைட்டமின் டி-யைச் சரிசெய்ய வேண்டும். சுண்ணாம்புச் சத்து இல்லாத உடம்பில் எலும்பு கட்டும் மருந்தைப் போட்டால் கட்டுவதற்குப் பொருள் இருக்காது.

கீழே சொல்லும் எதுவும் நோயாளிக்கு உண்டா என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் இந்த ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பேச்சுவழக்கில் இதைக் "கரன்ட் வைத்தது" என்பார்கள். பிசியோதெரபியில் இடுப்புக்கு வைக்கும் கரன்ட்டையும் அதே சொல்லால் சொல்வதால், மருத்துவர் கேட்கும்போது குழப்பம் வரும். மார்பகத்திலோ கர்ப்பப்பையிலோ கட்டி வந்து கரன்ட் வைத்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையே கையில் கொண்டுபோங்கள். எலும்புப் புற்று, எலும்புக்குப் பரவிய புற்று, பேஜெட் நோய், உயர்ந்த கால்சியம், பாராதைராய்டு கட்டி, கர்ப்பம், பால் கொடுக்கும் காலம், வளர்ந்துகொண்டிருக்கும் வயது, மோசமான சிறுநீரகச் செயலிழப்பு, இவற்றிலும் இது கூடாது. சமீபத்தில் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். டிகாக்சின் சாப்பிடும் இதய நோயாளிகளும் அப்படியே. கால்சியம் ஏறினால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடும். பிரஷருக்குக் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயாசைட் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். அவையும் ரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தும்.

"இந்த ஊசி போட்டால் எலும்புப் புற்று வருமாமே?" என்று கேட்காத குடும்பம் குறைவு. ஆயுள் முழுவதும் மிக அதிக அளவில் கொடுத்த எலிகளுக்கு ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று வந்தது உண்மை. அதனால்தான் ஆரம்பத்தில் மருந்துத் தாளில் கட்டமிட்ட பெரிய எச்சரிக்கை இருந்தது. மனிதர்களைப் பல வருடம் கண்காணித்ததில் அந்தப் புற்று கூடியதாகத் தெரியவில்லை. 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்கிவிட்டது. ஆனாலும் வழக்கமான சிகிச்சைக் காலம் 2 வருடம்தான்.

ஏற்கெனவே டெனோசுமாப் போட்டுக்கொண்டிருப்பவர்களை அதை நிறுத்திவிட்டு நேரே டெரிபாரடைடுக்கு மாற்றுவது நல்லதல்ல. அப்படி மாற்றியவர்களுக்கு எலும்பு அடர்த்தி கூடுவதற்குப் பதில், இடுப்பில் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. முதலில் டெரிபாரடைடு, பிறகு டெனோசுமாப் என்ற வரிசை சரி. தலைகீழ் வரிசை சரியல்ல.

பணக் கணக்கையும் இப்போதே போடுங்கள். ஒரு பேனா 28 நாளுக்கு. மாதம் ஒன்று என்று நினைத்தால் வருடத்துக்கு 12 என்று வரும். உண்மையில் 13 வேண்டும், 2 வருடத்துக்கு 26. ஊசிமுனை தினம் ஒன்று. அதற்கு மேல், 2 வருடம் முடிந்ததும் தொடங்க வேண்டிய அடுத்த மருந்தின் செலவு. அந்த அடுத்த மருந்துக்கு வழியில்லை என்றால் இதைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஏன் என்பது கடைசியில்.

வாங்குவதும் வைப்பதும்

மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் மருந்து கெடும். பார்த்தால் பல நேரம் வித்தியாசம் தெரியாது. உறைந்து உருகிய பேனாவைத் தூக்கிப்போடத்தான் வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மருந்துக் கடையிலிருந்து கிராமத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வர வேண்டியிருந்தால், கடைக்குப் போகும்போதே ஜெல் ஐஸ் பேக்கும் பையும் எடுத்துப்போங்கள். பேனாவைத் துணியில் சுற்றி, ஐஸ் பேக்கை நேராகத் தொடாதபடி வையுங்கள். ஐஸ்கட்டியின் மேலேயே பேனாவை வைத்துக் கொண்டுவந்து உறைய வைப்பவர்கள்தான் அதிகம். கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்காதீர்கள்.

பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டும் பின்சுவரை ஒட்டிய இடமும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். கதவுத் தட்டில் சூடு ஏறி இறங்கும். நடுத்தட்டில், முன்பக்கமாக, ஒரு டப்பாவில் வைப்பதே நல்லது. ஒரு சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி அந்த டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால் இன்னொரு ஆபத்து. இரண்டு பேனாவும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே ஃபிரிட்ஜில் இருக்கும். கண் மங்கலான பாட்டி எலும்பு ஊசி என்று நினைத்து இன்சுலினைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கி மயக்கமாவார். வேறு வேறு டப்பாவில் வையுங்கள். எலும்புப் பேனாவைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் இருட்டிலும் கை தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. ரத்தத்தில் பரவும் கிருமிகள் பேனாவுக்குள்ளேயே போயிருக்கும்.

கரன்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் ஐஸ் பேக் வைத்த தெர்மாஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஜெனரேட்டர் உள்ள மருந்துக் கடையோ ஆரம்ப சுகாதார நிலையமோ எது, அங்கே வைக்க அனுமதிப்பார்களா என்று மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள். மண்பானையை ஈர மணலில் வைத்து இன்சுலினைக் காப்பாற்றும் வழக்கம் உண்டு. அந்தக் குளிர் 8 டிகிரிக்கு இறங்காது. இந்த மருந்துக்கு அது போதாது.

உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போவதென்றால் அன்றைய ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பேனா ஐஸ் பையில், ஊசிமுனை கழற்றிய நிலையில், கையோடு வரட்டும்.

ஊசி போடும் முறை

அளவு எல்லோருக்கும் ஒன்றே: தினம் 20 மைக்ரோகிராம், தோலுக்கு அடியில், தொடையிலோ வயிற்றிலோ. பெரும்பாலான பேனாக்களில் ஒரு மில்லிலிட்டரில் 250 மைக்ரோகிராம் இருக்கும். அப்படியானால் ஒரு வேளை மருந்து 0.08 மில்லிலிட்டர். இரண்டு சொட்டுக்கும் குறைவு. பேனாவில் அடைப்பு என்று சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுவது ஏன் தவறு என்பது இந்த எண்ணிலிருந்தே தெரியும். 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் இந்த அளவு 8-ஆவது கோடு. 40 யூனிட் சிரிஞ்சில் 3-ஆவது கோட்டைச் சற்றுத் தாண்டி. நம் கடைகளில் இரண்டு வகையும் விற்கிறார்கள். மாற்றி எடுத்து 8-ஆவது கோடு வரை உறிஞ்சினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

1. முதல் நாள் பேனாவின் மேல் தொடங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். 28 நாள் ஆனதும் உள்ளே மருந்து மிச்சமிருந்தாலும் அந்தப் பேனாவை நிறுத்துங்கள். சில கம்பெனிகளின் தாளில் நாள் கணக்கு வேறாக இருந்தால் அந்தத் தாளில் உள்ளதே செல்லும்.

2. நேரத்தை முடிவு செய்து தினமும் அதே நேரத்தில் போடுங்கள். படுக்கப் போகும்போது போட்டால் தலைசுற்றல் தெரியாது என்று பலர் சொல்வார்கள். ராத்திரி இரண்டு முறை சிறுநீருக்கு எழுந்திருக்கும் முதியவருக்கு அந்த யோசனை ஆகாது. மருந்தின் முதல் 4 மணி நேரத்தில்தான் பிரஷர் இறங்கும். அந்த நேரத்தில் இருட்டில் தனியாக எழுந்தால் விழுவார். வீட்டில் ஆள் இருக்கும் காலையோ மாலையோ அவருக்கு நல்லது.

3. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்து நிறமில்லாமல், தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல், நிறம், துகள் எது இருந்தாலும் போடாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயே போடலாம். வெளியே வைத்துக் குளிர் போக்க வேண்டியதில்லை.

4. புது ஊசிமுனையின் காகிதத்தைக் கிழித்து, பேனாவில் நேராக வைத்துத் திருகுங்கள். கோணலாக ஏறினால் மருந்து பக்கவாட்டில் கசியும். 31 அல்லது 32 கேஜ், 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீளம் மெலிந்தவர்களுக்குப் போதும். பெரிய வெளி மூடியைக் கழற்றி மேஜை மேல் வையுங்கள். அது பிறகு வேண்டும்.

5. பேனாவில் மருந்தை முதலில் சற்று வெளியே விட்டுப் பார்க்க வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தாளில் சொல்லியிருந்தால் சொன்னபடி விடுங்கள். சொல்லாவிட்டால் விடாதீர்கள். தினம் விட்டால் 28 நாளுக்கு மருந்து பற்றாது. உள்ளே தெரியும் சிறு காற்றுக் குமிழி ஒன்றும் செய்யாது.

6. அளவைப் பேனாவின் விதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். சில பேனாக்களில் குமிழை இழுத்தால் போதும், அளவு தானாக நிற்கும். சிலவற்றில் திருகி எண்ணைக் கொண்டுவர வேண்டும்.

7. நோயாளி நாற்காலியிலோ கட்டிலிலோ உட்கார்ந்திருக்கட்டும். நின்றுகொண்டு போட வேண்டாம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியோ, தொடையின் முன்பக்கத்திலோ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும் வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும்.

8. மெலிந்தவராக இருந்தால் தோலை இரு விரலால் லேசாகப் பிடித்துத் தூக்கி, நேராகக் குத்துங்கள். குமிழை முழுவதும் அழுத்தி, அழுத்தியபடியே மெதுவாக 5 எண்ணுங்கள். சில பேனாக்களுக்கு இன்னும் கூடுதலாக எண்ணச் சொல்வார்கள். பிறகு நேராக உருவுங்கள், தேய்க்க வேண்டாம்.

9. உருவிய பின் தோலில் மருந்துத் துளி நின்றால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுபடி போடாதீர்கள். நாளை நிதானமாக எண்ணுங்கள்.

10. மேஜையில் வைத்த பெரிய மூடிக்குள் ஒரு கையாலேயே ஊசிமுனையை நுழைத்துத் திருகிக் கழற்றுங்கள். சிறிய உள் மூடியை மறுபடி மாட்டப் போனால்தான் விரலில் குத்தும். முனையை மாட்டியபடியே ஃபிரிட்ஜில் வைத்தால் மருந்து கசியும், காற்று உள்ளே போகும். பேனாவின் மூடியைப் போட்டு உடனே ஃபிரிட்ஜுக்கு.

போட்டதும் காலண்டரில் குறியுங்கள். தினசரிக் காலண்டரில் குறித்தால் மறுநாள் தாள் கிழிபட்டுவிடும். மாதக் காலண்டரில் குறியுங்கள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள். நேரம் தவறி அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் ஆகிவிட்டால் அந்த வேளை போனதுதான்.

தினமும் இடம் மாற்றுங்கள்: இன்று வலத் தொடை, நாளை இடத் தொடை, பிறகு வயிற்றின் இரு பக்கம். பழைய ஊசிமுனைகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடி, நிறைந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ கொடுங்கள். குப்பைமேட்டிலும் வாய்க்காலிலும் போட்டால் நாற்று நடுபவர் காலில்தான் ஏறும்.

முதல் சில வாரங்கள்

முதல் சில ஊசிகளுக்குப் பிறகு தலைசுற்றல், படபடப்பு வரலாம். ஊசி போட்டு அரை மணியாவது உட்கார்ந்தோ படுத்தோ இருக்கட்டும். சுற்றினால் உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். பிரஷர் மாத்திரையும் ஊசியும் ஒரே நேரத்தில் விழுந்தால் கிறுகிறுப்பு கூடும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், தலைவலி, மூட்டுவலி, ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, இவை வரக்கூடியவைதான். யூரிக் ஆசிட் ஏறக்கூடும் என்பதால் கவுட் என்ற மூட்டு வீக்க நோய் வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். முகம், உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு இந்த மருந்து வேண்டாம்.

விடாத குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்ந்து படுத்தே கிடப்பது, புத்தி தடுமாறுவது, இவை சேர்ந்து வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஊசியை அன்றைக்கு நிறுத்திவிட்டு ரத்தத்தில் கால்சியம் பாருங்கள்.

கால்சியம், வைட்டமின் டி, சுண்ணாம்பு

சாப்பாட்டிலும் மாத்திரையிலும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் போதும். பாலும் தயிரும் சேர்ந்து 400 மில்லிலிட்டர் என்றால் ஏறக்குறைய 480. கேழ்வரகு மாவு 50 கிராமில் சுமார் 170. முருங்கைக்கீரையும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் இன்னும் கொஞ்சம் தரும். இப்படிச் சாப்பிடுபவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும். மாத்திரை அட்டையில் "கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம்" என்று இருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மில்லிகிராம்தான். சாப்பாட்டோடு சாப்பிடுங்கள்.

வைட்டமின் டி-யில்தான் பெரிய தவறு நடக்கிறது. 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எழுதியிருப்பார்கள். அதைத் தினம் ஒன்று என்று சாப்பிட்டு, கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டு வருபவர்கள் உண்டு. டெரிபாரடைடும் சேர்ந்தால் அந்த ஏற்றம் இன்னும் வேகமாக வரும். எந்தக் கிழமை என்று அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள்.

டெல்டாவில் இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும்: வெற்றிலை. தடவும் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அதிகம் போடுபவர்களுக்கு அந்தச் சுண்ணாம்பாலேயே ரத்தத்தில் கால்சியம் உயர்ந்து சிறுநீரகம் பாதித்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நாளெல்லாம் வெற்றிலைப்பெட்டியோடு இருப்பவர் கால்சியம் மாத்திரையும் இந்த ஊசியும் சேர்த்து எடுத்தால் கணக்கு எகிறும். நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்ததே. எத்தனை தடவை, எவ்வளவு சுண்ணாம்பு என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் மாத்திரையைக் குறைக்க முடியும். சித்த மருந்தில் சங்கு பற்பம், பலகரை பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாமே கால்சியம்தான். அவற்றையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நேரம்

ஊசி போட்ட 4 முதல் 6 மணி நேரத்தில் ரத்தத்தில் கால்சியம் இயல்பாகவே சற்று ஏறி, பிறகு இறங்கும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் தேவையில்லாத பயம் வரும். கடைசி ஊசிக்கு 16 மணி நேரம் கழித்தே எடுங்கள். மாலை 6 மணிக்குப் போடுபவர் மறுநாள் காலை 10 மணிக்கு மேல் கொடுக்கலாம். ராத்திரி 9 மணிக்குப் போடுபவருக்கு மறுநாள் பகல் 1 மணி ஆகும். காலையில் போடுபவர் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து அன்றைய ஊசியைப் போட்டால் தீர்ந்தது. லேபில் இதைக் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் முதல் மாதத்தில் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கால்சியம் பார்ப்பார்கள். சற்று உயர்ந்திருந்தால் முதலில் மாத்திரையைக் குறைப்பார்கள். குறையாவிட்டால் ஊசியை நிறுத்துவார்கள். சிகிச்சை நடக்கும்போது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கொஞ்சம் ஏறுவது எலும்பு உருவாவதன் அடையாளம்.

ஊசி தொடங்கி ஒரு வருடம் ஆகும் முன்பே டெக்சா எடுத்து ஏமாறாதீர்கள். முதுகெலும்பில்தான் முதலில் ஏற்றம் தெரியும். முன்பு அலெண்ட்ரோனேட் சாப்பிட்டவர்களுக்கு முதல் வருடத்தில் இடுப்பு எண் சற்றுக் குறைந்துகூடத் தெரியலாம். அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் விடாதீர்கள்.

எலும்பு கெட்டிப்படும் வரை விழாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான். கிணற்றடிப் பாசி, குளியலறை டைல்ஸ், ராத்திரி கட்டிலிலிருந்து இறங்கும் வழி, இவற்றைச் சரிசெய்யுங்கள். முன்னால் குனிந்து குடம் தூக்குவதும், நடவுக்குக் குனிவதும் முதுகெலும்பின் முன்பக்கத்தை நசுக்கும் வேலைகள். இந்த 2 வருடம் அவை வேண்டாம்.

கடைசிப் பேனாவுக்குப் பிறகு

டெரிபாரடைடை நிறுத்தினால் கட்டிய எலும்பு அடுத்த மாதங்களிலேயே கரையத் தொடங்கும். 2 வருடம் வயிற்றில் குத்திக்கொண்டதும் செலவழித்ததும் கணிசமாக வீணாகிவிடும். அதைப் பூட்டி வைக்க, கரைவதைத் தடுக்கும் மருந்து ஒன்றைத் தாமதமில்லாமல் தொடங்க வேண்டும். பணமில்லாமல் எட்டாம் மாதத்திலேயே ஊசியை நிறுத்த நேர்ந்தாலும் இதே விதிதான். நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போய் அலெண்ட்ரோனேட்டாவது வாங்கித் தொடருங்கள். விலை குறைந்த மாத்திரை அது.

அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒருநாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபி குடித்துவிட்டுச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. படுத்துவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். நிமிர்ந்து உட்கார முடியாதவருக்கும், விழுங்கச் சிரமப்படுபவருக்கும் இது ஒத்துவராது.

அவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் டிரிப்ஸ். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் போடக்கூடாது. வைட்டமின் டி-யும் கால்சியமும் சரியாக இருக்க வேண்டும். 15 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். முதல் முறை போட்டபின் ஓரிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், பாராசிட்டமால் போதும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் டிரிப்ஸுக்கு முன்பே பிடுங்கிப் புண் ஆறட்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து, குறைவுதான் என்றாலும், உண்டு.

டெனோசுமாப் தேர்ந்தெடுத்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம். அதில் தேதி தவறக் கூடாது. நடுவில் விட்டால் எலும்பு மளமளவென்று கரைந்து, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் முறியக்கூடும். வெளியூர்ப் பிள்ளைகளை நம்பி, தனியாக இருக்கும் முதியவருக்கு வருடாந்திர டிரிப்ஸே பத்திரம் என்பது எங்கள் கருத்து. எதைத் தேர்ந்தெடுத்தாலும் 25-ஆவது பேனா தொடங்கும் நாளிலேயே அடுத்த மருந்துக்கான தேதியை வாங்கிவிடுங்கள். அதற்குள் பல்லும் கிரியேட்டினினும் வைட்டமின் டி-யும் பார்க்க 8 வாரம் கையில் இருக்கும்.